பேசியவர்கள் பெயர்

“அக்கா, எனக்குப் போதும்.”

“எது சார் போதும்?”

“பிள்ளைங்க.”

பேராச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடியின் மூட்டில் ஊற்றிவிட்டு வந்து, “உக்காருங்க” என்றாள்.

கோமதிநாயகம் உட்கார்ந்தார். இரண்டு முழங்கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஊரில் இருக்கிற ஒரே உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியரும் அவர்தான்.

பேராச்சிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வாய்க்கால் கரையில் ஓடு வேய்ந்த ஒரு அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு, இவ்வளவுதான் அவளுடைய மடம். சனிக்கிழமை தோறும் கஞ்சி காய்ச்சி, வருகிறவர்களுக்கு ஊற்றுவாள். மனக்குறையோடு வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லுவாள். பல நாள் அதையும் சொல்லமாட்டாள்.

ஊரே அவளை அக்கா என்றது. அதனால் தன்னைவிடப் பதினேழு வயது இளையவளைக் கோமதிநாயகமும் அக்கா என்றார். அவள் அவரைச் சார் என்றாள். இதில் யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள்.

மனைவி இறந்த வருடம் முதன்முதலாக வந்தார். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் கஞ்சி ஊற்றினாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஆறு வருடமாகிவிட்டது.

“இருபத்தெட்டு வருஷமா நடத்துதேன் அக்கா” என்றார். “நல்ல குடிமகனின் கடமைகள். சட்டத்தை மதிக்கணும். வரிசையில நிக்கணும். பொதுச் சொத்தைப் பாதுகாக்கணும். ஒரு எழுத்து விடாம ஒப்பிக்குங்க. பரீட்சையில பத்துக்குப் பத்து. மணி அடிச்சா ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கிட்டு வெளியே ஓடுங்க.”

“ம்.”

“ஒண்ணுகூடத் தேறல அக்கா. இருபத்தெட்டு வருஷத்துல ஒண்ணுகூட.”

“இந்த வாரம் என்ன நடந்துச்சு?”

கோமதிநாயகம் பொடிமட்டையை எடுத்தார். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொண்டார். முப்பது வருடப் பழக்கம். மல்லிகைப்பூவை மூக்கின்மேல் வைத்தாலும் இப்போது அவருக்கு வாசனை தெரியாது.

“வியாழக்கிழமை” என்று தொடங்கினார்.

வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியர் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டார். நற்குடிமக்கள் வாரம் வருகிறது, பள்ளியைப் பார்க்கக் கமிட்டி வருகிறது, அதற்கு ஒரு கூட்டம். கோமதிநாயகம் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். சாக்பீசை வகுப்புத் தலைவி இசக்கிப்பிரியாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வாத்தியார் வெளியே போனால் லீடர் பலகைப் பக்கத்தில் நிற்கும். வாயைத் திறந்தவன் பெயர் பலகையில் ஏறும். மறுபடி திறந்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வாத்தியார் வந்து குறிக்கு ஒரு அடி கொடுப்பார். அரை நெல்லிக்காய்க்கு அழிந்துபோன பெயர்களும் உண்டு, லீடரோடு சண்டை போட்ட பாவத்துக்கு ஏறிய பெயர்களும் உண்டு. ஆனாலும் இந்த ஏற்பாட்டை யாரும் கைவிட்டதில்லை.

அன்றைக்கு ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கூச்சல் தலைமையாசிரியர் அறைவரைக்கும் கேட்டது. கோமதிநாயகம் ஓடினார். பின்னாலேயே தலைமையாசிரியரும் வந்தார்.

பலகையில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. வகுப்பில் மொத்தமே நாற்பத்தொரு பேர்தான். முதல் பெயர் இசக்கிப்பிரியா.

“என்னளா இது?”

“எல்லாரும் பேசுனோம் சார்.”

“உன் பேரு எதுக்கு இருக்கு?”

“நானும் பேசுனேன் சார். நாங்க வந்து...”

“வாயை மூடு.”

மூடிக்கொண்டாள். தலைமையாசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இந்த வயதில் ஒரு சின்னப் பெண் தன்னை நாலு பேர் முன்னால் கேலிக்கூத்தாக்கிவிட்டாளே என்று பட்டது.

“சாயங்காலம் ஹெட்மாஸ்டர் தாளை நீட்டிட்டாரு” என்று பேராச்சியிடம் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். “ஒழுங்கீனம், வகுப்பைத் தூண்டிவிட்டது, ஆசிரியரை அவமதிச்சதுன்னு எல்லாம் டைப் அடிச்சாச்சு. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை பிரேயர்ல வச்சு அவ அப்பா கையில டி.சி.யைக் கொடுத்திருவாரு. மத்த பிள்ளைகளுக்கு ஒரு பாடமா இருக்கும்னு சொல்லுதாரு.”

“டி.சி. வாங்கிட்டு அந்தப் பிள்ளை எங்க போகும்?”

“அடுத்த பள்ளிக்கூடம் பதினோரு கிலோமீட்டர். பஸ் ஏத்தி அனுப்ப மாட்டான் அவ அப்பன். வீட்டுல அம்மா பீடி சுத்துதா. கூட உக்கார வச்சிருவாங்க.”

“நீங்க இன்னும் கையெழுத்துப் போடல.”

“போடல.”

“ஏன்?”

கோமதிநாயகம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தெரியல அக்கா. போட்டுட்டா வேலை முடிஞ்சிரும். போடலைன்னா அவரோட மல்லுக்கட்டணும். எனக்குத் தெம்பில்ல. காலையில எந்திரிச்சு சட்டையை மாட்டுறதுக்குள்ளயே அலுத்துப் போகுது. போடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்த இடத்துலயே போட்டுருவேன்.”

பேராச்சி எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பை மூட்டுவதும் பானையை ஏற்றுவதும் கேட்டது. வெளியே வந்தபோது இடுப்பில் துணிமூட்டை இருந்தது.

“வாய்க்கால்ல துணி அலசிட்டு வாரேன். ஆளுங்க வர்ற நேரம். வந்தாங்கன்னா ஊர்க்கதை பேசி மடத்தைச் சந்தையாக்கிருவாங்க. பாத்துக்கிடுங்க சார்.”

“நான் பாத்துக்கிடுதேன்.”

“பேசுதவங்க பேரை எழுதி வைங்க.”

அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கோமதிநாயகத்துக்கு முகம் தெளிந்தது. இந்த வேலை அவருக்குத் தெரியும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். எடுத்தார். சிமெண்டுத் தரையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

முதலில் டிராக்டர் மெக்கானிக் காளிமுத்து வந்தான். உள்ளே நுழைந்ததும் அவரைப் பார்த்துவிட்டு மடித்துக் கட்டியிருந்த கைலியைத் தழையவிட்டான்.

“வணக்கம் சார்.”

“உக்காரு. அக்கா வர்ற வரைக்கும் பேசக்கூடாது.”

“சரி சார்.”

அடுத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயராணி வந்தாள். பிறகு பேரூராட்சி கவுன்சிலர் சேர்மக்கனி வந்தாள். மூன்று பேரும் அவரிடம் ஏழாவது படித்தவர்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே யாரைப் பிடித்தாலும் கோமதிநாயகம் சாரிடம் காது திருகு வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒன்பது பேர் ஆனார்கள். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன், மிகவும் பெருமையாகவே இருந்தது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை அதட்டுகிறவர்கள், பஞ்சாயத்தில் மேசையைத் தட்டுகிறவர்கள், இங்கே அவர் முன்னால் அடங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, காளிமுத்து மூக்கைச் சுளித்தான். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஜெயராணியின் காதில் என்னவோ சொன்னான்.

கோமதிநாயகம் குனிந்து தரையில் எழுதினார்: காளிமுத்து.

ஜெயராணி அவரைப் பார்த்து, “சார்...” என்றாள்.

அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஜெயராணி பெயரையும் எழுதினார்.

சேர்மக்கனியால் பொறுக்க முடியவில்லை. பாதி எழுந்தாள். “சார், உள்ள...”

“உக்காரு சேர்மக்கனி. கவுன்சிலர் ஆனா ஒழுங்கு வேண்டாமா?”

உட்கார்ந்தாள். மூன்றாவது பெயர் ஏறியது. அவள் மறுபடி வாயைத் திறக்கப் போனாள். அவர் சாக்பீசைத் தூக்கிக் காட்டினார், பெருக்கல் குறி போட்டுவிடுவேன் என்பதுபோல. சேர்மக்கனி விரலை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்பில் பழகிய பழக்கம் அது, கை தானாகப் போயிற்று.

ஒன்பது பேரும் வாயில் விரலோடு சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. கோமதிநாயகத்தின் கண்ணும் எரிந்தது. வயதாகிவிட்டது, கண்ணாடியை மாற்றவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பேராச்சி திரும்பி வந்தபோது வாசலுக்கு வருமுன்பே ஈரத்துணியைக் கீழே போட்டாள். யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தமும் அடுப்பு சீறும் சத்தமும் கேட்டன. புகை வெளியே வந்தது.

பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். உள்ளே கஞ்சி பாதி கறுப்பாகிக் கிடந்தது.

“உங்க யாருக்கும் மூக்கு இல்லையா?”

வாயிலிருந்த விரலை யாரும் எடுக்கவில்லை.

“ஏ காளிமுத்து. உன்னத்தான்.”

காளிமுத்து கோமதிநாயகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் வாயிலிருந்து விரலை எடுத்தான். “இருக்கு அக்கா. அப்பவே வாடை வந்துச்சு.”

“உள்ள போயி இறக்கி வைக்கிறதுக்கு என்ன?”

“சார் இருந்தாரு” என்றான்.

பேராச்சி தரையைப் பார்த்தாள். உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்போல மூன்று பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

கோமதிநாயகம் சாக்பீசைச் சட்டைப்பையில் போட்டார்.

“மூணு பேரும் என்ன பேசுனாங்க?”

“அது... கேக்கலையே.”

“இவ்வளவு பக்கத்துல உக்காந்து பேசியிருக்காங்க.”

“பேசுனாங்க. என்ன பேசுனாங்கன்னு நான் கேக்கல.”

ஜெயராணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “கஞ்சி அடிப்பிடிக்குன்னு சொல்ல வந்தோம் சார்” என்று மெதுவாகச் சொன்னாள்.

பேராச்சி அகப்பையை எடுத்துக் கஞ்சியைக் கிண்டினாள். மேலாக இருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் அவரிடம் நீட்டினாள்.

“ஒண்ணுகூடத் தேறலன்னு சொன்னீங்களே சார். பாருங்க, ஒன்பது பேரும் தேறியிருக்காங்க.”

அன்றைக்கு எல்லோருக்கும் கருகின கஞ்சிதான். கோமதிநாயகத்துக்கு வாசனை தெரியாவிட்டாலும் கசப்பு தெரிந்தது. முழுவதையும் குடித்தார்.

புறப்படும்போது வாசலில் நின்றார். “அக்கா, அந்தக் கையெழுத்து...”

பேராச்சி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். அதை விட்டு நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கும் போகவில்லை என்று சொல்லலாம். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு இசக்கிப்பிரியாவின் தெருமுனை வரைக்கும் போனார். அவள் தாய் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் இசக்கிப்பிரியா இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போய் என்னவென்று கேட்பது? இருபத்தெட்டு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவர் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தெரிந்த பதிலைத்தான் கேட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து படுத்தார்.

காகிதம் சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை. மைதானத்தில் அறுநூறு பிள்ளைகள் வகுப்புவாரியாக வரிசையில் நின்றார்கள். பிரார்த்தனை முடிந்தது. உறுதிமொழி முடிந்தது.

கொடிக்கம்பத்தின் பக்கத்தில் இசக்கிப்பிரியா நின்றாள். அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைக் கோமதிநாயகத்துக்கு அடையாளம் தெரிந்தது. அவரும் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுதான். கடைசி பெஞ்சு. வாயே திறக்காத பையன்.

தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார்.

“இன்னிக்கு நற்குடிமக்கள் வாரம் தொடங்குது. நாளை மறுநாள் கமிட்டி வருது. ஒழுங்குதான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உயிர். ஒழுங்கைக் கெடுக்கிறவங்களுக்கு இங்க இடம் கிடையாது. கோமதிநாயகம் சார் வந்து அறிக்கையை வாசிப்பார்.”

கோமதிநாயகம் போனார். மைதானத்தைக் கடக்க அவருக்கு வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. இந்த நேரத்தில் வீட்டில் படுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம்.

மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தார். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

எதிரே அறுநூறு பிள்ளைகளும் மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். தினமும் பார்க்கிற வரிசைதான். அதை இத்தனை ஒழுங்காக நிறுத்தியதில் அவருக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“இசக்கிப்பிரியா, இங்க வா தாயி.”

வந்தாள். அடிவிழும் என்று நினைத்தவளைப்போலக் கையை நீட்டினாள்.

“கையை இறக்கு. வியாழக்கிழமை மூணாவது பீரியட்ல நீங்க எல்லாரும் என்ன பேசுனீங்க?”

“சார்” என்றார் தலைமையாசிரியர் பின்னாலிருந்து. “அதெல்லாம் எதுக்கு இப்ப? அறிக்கையை வாசிங்க.”

“எனக்குத் தெரியாது சார். அன்னிக்கு நான் கேக்கல.”

“நேரம் ஆகுது.”

“ஆகட்டும் சார்.”

அவருக்குக் கால் வலித்தது. மைக் கம்பியின் திருகைத் தளர்த்தி, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உயரத்துக்கு இறக்கினார். பிறகு நகர்ந்து ஓரமாக நின்றார்.

இசக்கிப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். தன் வகுப்பு வரிசையைப் பார்த்தாள். அங்கே ஒரு பையன் தலையை ஆட்டினான், சொல்லு என்று.

“பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸைப் பூட்டி வச்சிருக்காங்க சார். கமிட்டி வந்து பாக்குற வரைக்கும் அழுக்காகக் கூடாதாம்.”

மைக்கில் தன் குரல் கேட்டு ஒரு நொடி நிறுத்தினாள்.

“யாரு போயி சாவி கேக்குறதுன்னு பேசுனோம். தனியாப் போகப் பயமா இருந்துச்சு. பயலுவளும் கூட வாரோம்னானுவ. அதான் எல்லாரு பேரையும் எழுதுனேன்.”

கோமதிநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு சார்” என்றாள். “நாங்க யாரும் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறதில்ல.”